பல்கலைக்கழகமும் லயத்து வாசலும்

(சங்கத் தொண்டர்களுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசு என்றால் நமக்குப் பேச்சு தானாக வரும். இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள் வேறு. பல்கலைக்கழகங்களில் சமூகப்பணி என்றொரு படிப்பு நடக்கிறது. பல இனத்தவரும் பல மொழியினரும் பல சமயத்தவரும் கலந்து வாழும் நம் நாட்டில், அந்தப் படிப்பும் அதை ஒட்டிய ஆராய்ச்சியும் மக்களுக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்பதே நமது பொருள். "மங்கு ஏந்தும் கைக்கும் பட்டப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் நினைப்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. சம்பந்தம் உண்டு. அதை ஒரு பாட்டியம்மாளின் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

பாட்டியம்மாள் சொன்ன பதில்

ஒரு தோட்டத்தில் நாம் கண்டது இது. பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கையில் பாரத்துடன் லயத்துக்கு வந்தாள். நல்ல பெண். வெயிலையும் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கேள்விகள் எல்லாம் மலாயில் இருந்தன. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாளிடம், "மக்சிக், இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள். பாட்டி "நாலு பேர்" என்றார். மாணவி எழுதிக் கொண்டாள். "மனத்தில் கவலை, சோர்வு ஏதும் உண்டா?" என்று அடுத்த கேள்வி. பாட்டி சிரித்துக் கொண்டே, "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று பொருள். "சோர்வு இல்லை" என்ற கட்டத்தில் மாணவி கோடு போட்டுக் கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

உண்மை என்ன? அந்த வீட்டு அடுப்பில் அன்றாடம் ஒன்பது பேருக்குச் சோறு வேகிறது. தாயை இழந்த பேரப் பிள்ளைகள் இருவர். பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காக வந்து தங்கிய தம்பி மகன். வேலை போய் வந்து சேர்ந்த மருமகனும் அவன் பிள்ளையும். அவர்கள் "விருந்தாளிகள்", ஆகையால் பாட்டி அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாணவி போன பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம் அதே பாட்டி, "ராத்திரி கண்ணை மூட முடியலை தாயி, நெஞ்சை அடைக்குது" என்று சொல்லிக் கொண்டிருந்தார். மனச்சோர்வு என்ற சொல்லுக்கு அவரிடம் பதில் இல்லை. நெஞ்சடைப்பு என்ற சொல்லுக்குப் பதில் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

மாணவி பொய் எழுதவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது பொய். இப்படி நூறு தாள்கள் சேர்ந்தால் ஓர் அறிக்கை ஆகும். அந்த அறிக்கையை நம்பி ஓர் இலாகா திட்டம் போட்டால், ஒன்பது பேர் வீட்டுக்கு நாலு பேருக்கான உதவி வந்து சேரும். தோழர்களே, இந்தப் படிப்புக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

தருமம் வேறு, சமூகப்பணி வேறு

தீபாவளிக்கு அரிசிப் பொட்டலம் கொடுப்பது தருமம். கொடுப்பவர் நல்லவரே, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அரிசி ஏன் இல்லை, யாரிடம் எதைக் கேட்டால் நிரந்தரமாக வரும், கேட்கும் திராணியை அந்த வீட்டாருக்கே எப்படி உண்டாக்குவது என்று யோசித்துச் செய்வது சமூகப்பணி. அதற்குச் சட்டம் தெரிய வேண்டும், மனித மனம் தெரிய வேண்டும், ஊர் வழக்கம் தெரிய வேண்டும். அதனால்தான் அதைப் பல்கலைக்கழகத்தில் வகுப்பிலும் களத்திலும் கற்பிக்கிறார்கள்.

இந்தக் கலை வளர்ந்த விதத்தில் தொழிலாளர் பங்கு உண்டு. 1889-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்மணிகள், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பேட்டையிலேயே ஒரு வீட்டை எடுத்துக் குடியேறினார்கள். ஹல் ஹவுஸ் என்பது அதன் பெயர். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், ருஷிய யூதர் என்று பிழைக்க வந்த மக்கள். 1895-இல் அந்த வீட்டார் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். எந்தக் கட்டடத்தில் எந்த நாட்டவர், எந்தக் குடும்பத்துக்கு வாரத்துக்கு என்ன கூலி என்று வீடு வீடாக விசாரித்து, வண்ண வண்ணமாகத் தீட்டிய வரைபடங்கள் அதில் இருந்தன. அந்தச் சிறு வட்டாரத்தில் 18 நாட்டவர் இருப்பதாகக் கண்டார்கள். அங்கு வாழ்ந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையார் தையல் கூடங்களின் கொடுமைகளை ஆராய்ந்து எழுதியதன் விளைவாக, 14 வயதுக்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலை வேலையிலிருந்து விலக்கும் சட்டம் 1893-இல் அம்மாநிலத்தில் வந்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற விதியும் அதில் இருந்தது. அதை மட்டும் 1895-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. பெண் தொழிலாளர் சங்கங்கள் அந்த வீட்டிலேயே கூட்டம் போட்டன. அந்நகரில் இந்த வேலைக்கென 1908-இல் ஏற்பட்ட ஒரு பள்ளி, 1920-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏழைகளின் பேட்டையில் குடியிருந்து கற்றது முதலில் நடந்தது. பல்கலைக்கழகம் பிறகு வந்தது.

நம் மண்ணில் இந்தப் படிப்பு

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது மலாயாவில் விதவைகளும் அனாதைகளும் பசியும் நோயுமே மிஞ்சியிருந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குப் போன நம்மவர் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை உங்கள் குடும்பங்களே சொல்லும். அந்த நிலையில்தான் 1946-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சமூகநல இலாகாக்கள் ஏற்பட்டன. இலாகா வந்தது, பயின்ற ஆட்கள் வேண்டுமே. 1952-இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு டிப்ளமா வகுப்பு தொடங்கியது.

பாடம் சொல்லப் புத்தகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. படிக்க வந்தவர்களோ சீனர், மலாய்க்காரர், இந்தியர். அவர்கள் சேவை செய்யப் போன குடும்பங்களோ இங்கிலாந்துப் புத்தகம் காணாத குடும்பங்கள். ஓர் உதாரணம் பாருங்கள். 1961-இல் சிங்கப்பூரில் மாதர் சாசனம் வரும் வரையில், சீன வழக்கப்படியும் இந்து வழக்கப்படியும் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கணவன் செலவுக்குக் கொடுப்பதில்லை என்று இரண்டாம் மனைவி இலாகாவுக்கு வந்து நின்றால், ஒரு புருஷன் ஒரு மனைவி என்ற கணக்கில் எழுதிய புத்தகம் அவளுக்கு என்ன வழி சொல்லும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அந்தக் குறையை உணர்ந்தவர்களில் ஒருவர் ஆன் வீ அம்மையார். இங்கிலாந்தில் பிறந்து, 1950-இல் சிங்கப்பூருக்கு வாழ வந்தவர். சமூகநல இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 1957-இல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் பல்லாண்டுகள் அத்துறையின் தலைவராக இருந்தார். சீனக் குடும்பங்களின் முறைகளையும் நம்பிக்கைகளையும் வாழ்வோடு வாழ்வாகக் கற்றவர் அவர். தாம் கண்ட பழைய சிங்கப்பூர் வாழ்க்கையை 2017-இல் ஒரு புத்தகமாக எழுதினார், 2019-இல் காலமானார். வேற்று நாட்டில் பிறந்தவர்கூட நம் மக்களுக்கு உதவ முடியும். ஆனால் முதலில் மாணவராக வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

மலாயாப் பல்கலைக்கழகம் 1962-இல் இரண்டாகப் பிரிந்தது. சமூகப்பணித் துறை சிங்கப்பூர்ப் பக்கத்தில் தங்கிவிட்டது. மலேசியாவில் அந்தப் படிப்பு மறுபடியும் தொடங்கியது 1975-இல், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். சமூக வளர்ச்சியும் நிர்வாகமும் என்ற பெயரில் அது முதலில் நடந்தது. சரவாக் உட்பட மற்ற இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்கள் 1990-களிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து கொண்டன.

இடையில் பதின்மூன்று ஆண்டுகள். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நமக்கு என்ன நடந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையும் போய், வேலையோடு வீடும் போய், நம் குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் ரோட்டோரம் நின்றன. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றானது, பல்லாயிரவர் கப்பலேறினார்கள். சமூகப்பணியாளர் மிகவும் தேவைப்பட்ட அந்தக் காலத்தில், இந்த நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் சமூகப்பணி வகுப்பு இல்லை.

நாமே செய்த முதல் ஆராய்ச்சி

அதனால் தொழிலாளி சும்மா இருந்தான் என்று எண்ண வேண்டாம். படிப்பு வருமுன்பே நாம் அந்த வேலையைச் செய்திருக்கிறோம்.

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர்.எச்.நாதனும் முன்னிருந்து நடத்திய போராட்டம். கூலி உயர்வு கேட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். அதோடு வேறு என்னென்ன கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம் கொடு. நல்ல வைத்திய வசதி கொடு. எங்கள் பெண்களிடம் கை வைக்காதே. துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. உற்றார் உறவினர் வந்து பார்க்கத் தடை செய்யாதே. இவையெல்லாம் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின.

அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒரு சமூக ஆராய்ச்சியாகப் படித்துப் பாருங்கள். ஒரு வெளியாள் கையில் பாரத்துடன் வந்திருந்தால் கூலி எத்தனை காசு, அரிசி எத்தனை காத்தி என்று கேட்டிருப்பார். சைக்கிளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தன் காசில் வாங்கிய சைக்கிளில் தான் ஏறிப் போக முடியாத மனிதனின் மனத்தில் என்ன எரிகிறது என்பது, அந்த மனிதனைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. 1946, 1947-இல் கெடாத் தோட்டங்களில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை வாசலில் இளைஞர்கள் மறியல் செய்தார்கள். குடிக்காதே என்று குடிப்பவரின் கையைப் பிடித்தார்கள். 1947-இல் பீடோங் பக்கத்தில் போலீசாருடன் மோதல் மூண்டு, இயக்கம் அடக்கப்பட்டது. ஒரு சமூகம் தன் குறையைத் தானே கண்டு, தானே திரண்டு, தானே மாற்ற முனைவதை இன்று பாடப் புத்தகங்கள் "சமூகத்தை ஒழுங்கமைத்தல்" என்று தனிப் பாடமாக வைத்திருக்கின்றன. தொண்டர் படையினர் பாடம் படிக்காமலே அதைச் செய்தார்கள்.

குடியைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். "இந்தியர் குடிப்பது அவர்கள் கலாசாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் எழுத்தை நாம் ஏற்கக் கூடாது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைக்க இடம் கொடுத்தது யார்? அதை மூடச் சொன்னவன் முதுகில் தடியால் அடித்தது யார்? கலாசாரம் என்ற சொல்லை, பிறர் செய்த காரியத்தை மறைக்கும் போர்வையாக்க விடக் கூடாது. அதே சமயம், சம்சுப் போத்தலால் இன்று நம் வீடுகளில் நடக்கும் கொடுமைக்குப் பழைய துரையை மட்டும் குற்றம் சொல்லிக் கொண்டிருப்பதும் நமக்கு அழகல்ல.

மக்களின் அளவுகோல்

நல்ல ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. பேராசிரியர் உங்கு அஜீஸ் பொருளாதாரம் படித்தவர். சமூகப்பணி வாத்தியார் அல்லர். ஆயினும் சமூகப்பணி மாணவர்கள் அவரிடம் கற்க நிறைய உண்டு. கம்பத்து மக்களின் வறுமையை அளக்க அவர் சாரோங்கை எடுத்துக் கொண்டார். ஒரு வீட்டில் எத்தனை சாரோங்குகள் இருக்கின்றன, ஒரு வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணி வகுத்துப் பார்த்தார். ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாத வீடு ஏழை வீடு. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஏழை கூச்சப்படுவான், கூட்டியோ குறைத்தோ சொல்வான். கொடியில் காயும் சாரோங்குக்கு அந்தக் கூச்சம் இல்லை.

மலாய்க் குடியானவர்கள் வட்டிக்கு அஞ்சி பேங்கில் பணம் போடாமல், வீட்டில் மறைத்து வைத்தும், நிலத்தையும் மாட்டையும் விற்றும் ஹஜ்ஜு யாத்திரை போய் வந்து, வந்தபின் பிழைக்க வழியின்றித் தவிப்பதையும் அவர் கண்டார். அவர்கள் சமயத்துக்கு ஒத்த சேமிப்பு முறை ஒன்றை 1959-இல் வகுத்துக் கொடுத்தார். 1963-இல் அது செயலுக்கு வந்தது. இன்று தாபோங் ஹாஜி என்று நாமெல்லாம் அறிந்த நிறுவனம் அதுவே. "உங்கள் நம்பிக்கை தவறு, பேங்குக்குப் போங்கள்" என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கைக்குள் நின்றே வழி கண்டார்.

நம் விஷயத்துக்கும் அவர் வந்தார். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ந்து விரிவான அறிக்கை கொடுத்தவர் அவரே. அறிக்கை வந்தும் துண்டாடல் நின்றுவிடவில்லை. 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் நம் தாய் தந்தையர் மாதா மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஆராய்ச்சி நோயைச் சொல்லும். மருந்தை வாங்கக் கூட்டம் கூடித்தான் ஆக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது அரைகுறை.

அதே 1960-களில் ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் ஒரு தோட்டத்தில் தங்கி நம்மவர் வாழ்க்கையை எழுதினார். அது 1970-இல் புத்தகமாயிற்று. தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து வேறு பெயர் சூட்டினார். அங்கு வாழ்ந்தவர்க்குத் தீங்கு வராமலிருக்க அது நல்ல முறை. ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாரோ அந்த வீட்டுக்காரர் படிக்க முடியாத மொழி. இது ஒருவர் மீது சொல்லும் குற்றம் அல்ல. அநேகமாக எல்லா ஆராய்ச்சிக்கும் நேர்ந்த கதி இதுதான். நம் கதையை நம்மிடம் வாங்கிக் கொண்டு போகிறார்கள். திருப்பிக் கொடுக்கிறவரைக் காணோம்.

ஒரு தாலியும் ஒரு பத்திரமும்

வழக்கம் தெரியாத உதவி எங்கே இடறுகிறது என்பதற்கு நம் வீட்டு விஷயம் ஒன்றையே சொல்கிறோம். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்தி, விருந்தும் நடந்த பிறகு அது திருமணம் அல்ல என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஆனால் 1976-இல் இயற்றி 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த திருமணச் சட்டப்படி, முஸ்லிமல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளையை, பதிவு அலுவலகம் மணவாழ்வுக்குப் புறத்தே பிறந்த பிள்ளையாகவே கொள்ளும். அத்தகைய பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய்க்குக் குடியுரிமையும் இல்லை, நிரந்தர வசிப்புரிமையும் இல்லை என்றால், தந்தை இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும், இந்த மண்ணிலேயே பிறந்தும், பிள்ளைக்கு நாடு இல்லாமல் போகிறது. பள்ளிக்கூட வாசலில் தடை, ஆஸ்பத்திரியில் தடை, பெரியவனானால் வேலைக்குத் தடை.

இப்படி ஒரு தாய் அலுவலகத்துக்குப் போகிறாள். "திருமணம் ஆகவில்லையா?" என்று மேசைக்கு அப்பால் இருப்பவர் சத்தமாகக் கேட்கிறார். அவள் கூனிக் குறுகித் திரும்பி வந்துவிடுகிறாள். மறுபடி போக மாட்டாள். அந்த இடத்தில் நம் வழக்கம் அறிந்த சமூகப்பணியாளர் ஒருவர் இருந்தால் என்ன செய்வார்? கழுத்தில் கிடக்கும் தாலிக்கு மரியாதை கொடுத்துப் பேச்சைத் தொடங்குவார். கோயில் ரசீது, திருமணப் பத்திரிகை, தோட்டத்துச் செக்ரோல், பேறுகாலம் பார்த்த இடத்து அட்டை என்று சாட்சிகளை ஒவ்வொன்றாகத் திரட்டுவார். சட்டம் எங்கே வழி விடுகிறது என்று பார்த்து விண்ணப்பம் எழுதுவார். அந்தத் தாய்க்குத் துணையாக அலுவலகத்துக்கு நடப்பார். இப்படி எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கு வைத்து, சட்டமே எங்கே மாற வேண்டும் என்று ஆராய்ச்சியும் எழுதுவார். ஒரு கை தாயின் தோளில், ஒரு கை சட்டப் புத்தகத்தில். நாம் கேட்கும் படிப்பு இது.

உலகச் சமூகப்பணி அமைப்புகள் 2014-இல் மெல்போர்னில் கூடி இந்தத் தொழிலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தன. சமூக நீதி, மனித உரிமை, வேற்றுமைகளை மதித்தல் என்பவற்றோடு, அந்தந்த மண்ணின் மக்களுடைய அறிவும் இந்தத் தொழிலுக்கு அடிப்படை என்று அதில் எழுதி வைத்தார்கள். சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங் ஹாவ் கீ 2007-இல் எழுதிய நூலும், சமூகப்பணியை அந்நாட்டு மக்களின் வாழ்முறையிலிருந்தே அமைக்க வேண்டும் என்பதைப் பற்றியதே. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. அந்தத் தொழில் தனக்குத் தானே வைத்துக் கொண்ட விதியைத்தான் கேட்கிறோம்.

இன்று நம் பக்கத்து லயத்தில் யார்?

தோழர்களே, இதுவரை பிறர் நம்மை அறிய வேண்டும் என்று பேசினோம். இனி நம் முதுகையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறின. பல, வீடமைப்புத் தாமான்களாக மாறின. நம்மவரில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். இன்று இந்நாட்டுத் தோட்டங்களில் உழைப்பவரில் பெரும்பகுதியினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள்.

நம் பாட்டன் கப்பலிலிருந்து இறங்கியபோது அவன் மொழி இங்கே யாருக்கும் புரியவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாமல் கை நாட்டு வைத்தான். இன்று வங்காளத் தோழன் ஒருவன் தனக்குப் புரியாத தாளில் கையெழுத்திடுகிறான். அவன் பாஸ்போர்ட்டை வேறொருவர் பூட்டி வைத்தால், அது நமக்குப் பழைய கதையாகத் தோன்ற வேண்டாமா? "பங்களாக்காரன்" என்று நம் பிள்ளைகள் அவனைக் கேலி செய்வதை நாம் கேட்டுக் கொண்டிருக்கிறோம். "கிளிங்" என்று நம்மை ஏசியபோது வலித்த இடம் இவ்வளவு சீக்கிரமா ஆறிவிட்டது? பல இனத்தவருக்கும் சேவை என்று நாம் பல்கலைக்கழகத்திடம் கேட்கிறோமென்றால், அந்தச் சேவை நம் கிளைக் கூட்டத்திலும் தொடங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பேச்சோடு கலையாமல் சில காரியங்களை முடிவு செய்துகொண்டு போவோம்.

முதலாவது, சமூகப்பணி மாணவர்களின் களப்பயிற்சிக்குத் தோட்டங்களையும், தோட்டத்தை விட்டு வந்தவர் வாழும் அடுக்குமாடிகளையும் இடமாகத் தரச் சங்கம் முன்வர வேண்டும். ஒரு நாள் வந்து பாரம் நிரப்பிப் போவது போதாது. மாதக் கணக்கில் வந்து, பெரட்டுக்கும் எழுந்து நின்று, சம்பள நாளையும் சம்பளம் தீர்ந்த நாளையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆராய்ச்சிக் கேள்விகளை அச்சிடுமுன் நம்மவர் இருவர் மூவரிடம் காட்டச் சொல்வோம். "வீட்டில் எத்தனை பேர்?" என்பதற்குப் பதில், "உங்கள் அடுப்பில் எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்?" என்று கேட்கும்படி நம் பாட்டிமார்கள் திருத்திக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, ஆராய்ச்சி முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில், கிளைக் கூட்டத்தில், கேட்டவர் முன்னிலையில் வாசிக்க வேண்டும். தவறு இருந்தால் தவறு என்று சொல்லும் உரிமை நமக்கு வேண்டும். ஒப்புக் கொண்டால் மட்டும் பதில் சொல்லலாம், விருப்பமில்லையென்றால் மறுக்கலாம், பெயர் வெளியே போகாது என்பதையும் முதலிலேயே நம் மொழியில் சொல்லச் சொல்லுங்கள்.

நான்காவது, நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போக வேண்டும். டாக்டர், வக்கீல், எஞ்சினியர் என்று மூன்று மணிகளையே உருட்டிக் கொண்டிருக்கிறோம். தாய் நெஞ்சடைக்குது என்றால் என்ன பொருள் என்பதை லயத்தில் பிறந்த பெண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மற்றதைப் பல்கலைக்கழகம் கற்றுக் கொடுக்கட்டும். ஆனால் அவளும் இந்தோனேசிய அம்மாளின் வாசலில் நிற்கும்போது மாணவியாகத்தான் நிற்க வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளை யார், பதிவு இல்லாத திருமணம் எது, பென்ஷனுக்கு வழி தெரியாத முதியவர் யார் என்று எழுதி வையுங்கள். அந்த வீட்டார் சம்மதத்துடன் எழுதுங்கள். கண்டவர் கையில் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். 1941-இல் நம் முன்னோர் எழுதிய பட்டியலின் அடுத்த பக்கம் அது.

அந்தப் பாட்டியம்மாளைச் சொல்லித் தொடங்கினோம். அவரைச் சொல்லியே முடிக்கிறோம். மாணவி இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். நம் கிளைத் தொண்டரம்மாள் ஒருவர் உடன் போனார். பாரத்தை எடுக்கவில்லை. பாட்டி கொடுத்த காப்பியைக் குடித்துக் கொண்டு, அடுப்பங்கரைப் பக்கம் உட்கார்ந்தாள். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "மக்சிக் அன்று சொன்ன 'தாக் அப்பா' பதில் இல்லை, கதவு" என்று தொண்டரம்மாளிடம் சொன்னாளாம்.

அந்தக் கதவைத் தட்டத் தெரிந்தவர்களைப் பல்கலைக்கழகம் அனுப்பட்டும். திறந்து விட நாம் தயாராக இருப்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!